ஒரு அக்கா வராங்க, இருங்க

பாய்,

இன்று காலை ஒரு அக்கா நிஜமாகவே ஓடி வந்தார்.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் வண்டியைப் பின்னால் எடுத்துத் திருப்பி, ரோட்டைப் பார்த்து நிறுத்தியிருந்தேன். உன் இடத்துக்கு வந்திருக்கிற கண்டக்டர் தம்பி இரண்டு விசில் கொடுத்துவிட்டான். கிளட்சிலிருந்து காலை எடுக்கப் போகும்போது பின்னால் ஒரே கூச்சல். கண்ணாடியில் பார்த்தேன். ஒரு கையில் சின்ன வெங்காயப் பை, இன்னொரு கையில் அறுந்த செருப்பு, ஒரு அம்மாள் தலைதெறிக்க ஓடி வருகிறார். தம்பி படியில் தொங்கிக்கொண்டு ஊரே கேட்கக் கத்தினான்.

"அண்ணே, இருங்கண்ணே! ஒரு அக்கா வராங்க!"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துச் சிரித்தேன். அந்த அம்மாள் ஏறியதும் என்னைத்தான் முதலில் பிடித்தார். "ஒருத்தி செருப்பு அந்து ஓடியாறேன், அதப் பாத்து என்னா சிரிப்பு வேண்டிக் கெடக்கு டிரைவருக்கு?" என்றார். அவரிடம் என்னவென்று சொல்வது? உங்களுக்காக நானும் என் கூட்டாளியும் வருஷக்கணக்காகக் காத்துக்கிடந்தோம் என்றா? துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தேன். கீழப்பழுவூர் போய்ச் சேர்கிற வரைக்கும் உன்னோடுதான் பேசிக்கொண்டு போனேன். அதில் பாதியை இப்போது எழுதுகிறேன்.

அந்த டிப்பர் லாரியிலிருந்து தொடங்க வேண்டும். அரியலூருக்கு இந்தப் பக்கம், எதிரே ஒரு டிராக்டரை முந்திக்கொண்டு வந்த கல் ஏற்றிய டிப்பர் நம் பக்கத்துக்கே வந்துவிட்டது. நான் இடது பக்கம் ஒடித்தேன். வண்டி மண்ணில் இறங்கி, மக்காச்சோளக் காட்டு ஓரத்தில் சாய்ந்த மாதிரி நின்றது. ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. மேலே கட்டியிருந்த வெங்காய மூட்டை ஒன்று உருண்டு அவிழ்ந்தது, அவ்வளவுதான். பயணிகள் எல்லோரும் என் கையைப் பிடித்துக் கும்பிட்டார்கள். நானும் மீசையைத் தடவிக்கொண்டு, "இதெல்லாம் நமக்குச் சாதாரணம்" என்றேன். நீ மட்டும் ரோட்டில் சிதறிய வெங்காயத்தைப் பொறுக்கிக்கொண்டிருந்தாய்.

அது நடந்து ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்கு அந்தப் படபடப்பு வந்தது. ஒரு காலை, முதல் ட்ரிப். சீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். காது அடைத்தது. நெஞ்சு திடும் திடும் என்று அடித்தது. விரல் நுனியெல்லாம் மரத்துப்போய், ஸ்டியரிங் எங்கே இருக்கிறது, கை எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. செத்தேன் என்றுதான் நினைத்தேன். எப்படியோ அது தணிந்தது. மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனால், இசிஜி எடுத்துப் பார்த்த டாக்டர், "ஹார்ட் நல்லாருக்கு. நீங்க பயந்திருக்கீங்க. மூச்ச மெதுவா விட்டுப் பழகுங்க" என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! செட்டிகுளத்தில் பிறந்து, லாரி, பஸ் என்று எல்லாம் ஓட்டினவனைப் பார்த்துப் பயந்திருக்கிறாய் என்கிறார். மூச்சு விடப் பழக வேண்டுமாம். பிறந்ததிலிருந்து அதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன்? ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது என்னைப் பார்த்துச் சொன்னதுதான். யாரிடமும் சொல்லவில்லை. முதலாளி காதில் விழுந்தால் வண்டியை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார். வண்டி போனால் நான் யார்? எனக்குத் தெரிந்த வேலை இது ஒன்றுதான். ஆனால் அந்தப் படபடப்பு ஓட்டும்போது வந்தால், என்னை நம்பி உட்கார்ந்திருக்கிற அத்தனை பேர்? இரண்டு பக்கமும் இடி. தினமும் காலையில் சாமி படத்துக்கு முன்னால் நின்று, இன்றைக்கு மட்டும் வராமல் இருக்கட்டும் என்று கும்பிட்டுவிட்டுக் கிளம்பினேன்.

நீதான் கண்டுபிடித்தாய். பேரளியில் ஆள் இறக்கிவிட்டு முன்பக்கம் வந்தவன், என் கழுத்தையே பார்த்தாய்.

"என்னா மச்சான், தோளு காதுக்கிட்ட போயி நிக்குது?"

"ஒண்ணுமில்ல பாய்."

"ஒண்ணுமில்லாததுக்கா சட்ட இப்புடி நனஞ்சிருக்கு? மார்கழி மாசத்துல?"

அன்றைக்குக் கீழப்பழுவூரில் வண்டியை நிறுத்திவிட்டு, கோயில் மதிலோரம் டீ வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். அங்கேதான் உன் சவுதிக் கதையைச் சொன்னாய். உன் ஊரான லப்பைக்குடிக்காட்டில் வெளிநாடு பார்க்காத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். உன் அண்ணன்மார் அங்கே கடை வைத்து நிலைத்துவிட்டார்கள். நீ மட்டும் போன வேகத்தில் திரும்பி வந்தாய். "பொட்டியப் பிரிக்கறதுக்குள்ள திரும்பி வந்த பய" என்று உன் சொந்தத்தில் கேலி செய்வதை நானே கேட்டிருக்கிறேன். காரணம் கேட்டால் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்பாய். அன்றைக்குத்தான் உண்மையைச் சொன்னாய்.

"லிஃப்டுல நின்னுக்கிட்டிருந்தேன் மச்சான். திடீர்னு உசுரு போவுதுன்னு தோணிச்சு. அதுலேருந்து தெனமும் வரும். ரூம்ல பத்து பேரு, யாருகிட்ட சொல்றது? ஒருநா தொழுதுட்டு ஓதிக்கிட்டு இருக்கேன். சில எடத்துல நீட்டி ஓதணும். நீட்டுனா மூச்சு முழுசா வெளிய போவும்ல? அந்த எடம் வந்தா நெஞ்சு அடங்குது. அப்பத்தான் புரிஞ்சுது, இழுக்கறதுல ஒண்ணுமில்ல, வுடறதுலதான் இருக்கு விஷயம்னு."

"அப்ப ஏன் திரும்பி வந்த?"

"புரியறதுக்குள்ள டிக்கெட் போட்டுட்டேனே."

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பிலேயே என் தோள் கொஞ்சம் இறங்கியது, கவனித்தாயா? கவனித்திருப்பாய்.

என் மண்டையில் ஏறுகிற மாதிரி சொல்ல உனக்கு வண்டிதான் கைகொடுத்தது. காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் நான் வண்டியை எடுக்க மாட்டேன் அல்லவா? பிரேக்குக்கு ஏர் ஏறுகிற வரைக்கும், மீட்டர் முள் மேலே வருகிற வரைக்கும் உட்கார்ந்திருப்பேன். ஏர் ஏறாமல் எடுத்தால் பிரேக் பிடிக்காது. ஹெவி வண்டி ஓட்டுகிற எவனுக்கும் இது தெரியும்.

"வண்டிக்கு ஏர் ஏறணும், உனக்கு ஏர் எறங்கணும்" என்றாய். "பிரேக்க வுட்டா வண்டியே உஸ்ஸுன்னு காத்த வெளிய தள்ளுது. நீ மட்டும் எல்லாத்தயும் புடிச்சு வெச்சிக்கிட்டு இருக்க. மூக்கால இழு. வாயால வுடு. இழுத்தத வுட நீளமா வுடு. உன் முருகனக் கூப்புடேன், 'கா'வ நல்லா நீட்டிக் கூப்புடு. யாரு வேணாங்கறா?"

செய்து பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி செய்தேன். அப்போதும் நடக்கவில்லை. "இது ஆவறது இல்ல பாய்" என்றேன். "ஏர் ஏறறதுக்கு மட்டும் குந்தியிருக்க, இதுக்குக் குந்த மாட்டியா?" என்றாய். உன்னிடம் ஒரு விஷயம், நீ என்றைக்கும் பெரிதாக உபதேசம் பண்ணியதில்லை. டீ ஆறிப்போனதைப் பற்றித்தான் அடுத்து பேசினாய். ஆனால் மூச்சை விட்டு, விட்டு, விட்டு, டீக்கடைக்காரர் கிளாஸ் கழுவுகிற சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. காது திறந்திருந்தது.

அங்கே உட்கார்ந்து செய்வது வேறு, பஸ் ஸ்டாண்டில் செய்வது வேறு. பிரைவேட் பஸ் பிழைப்பு உனக்குத் தெரியாததா? டைம் முடிந்த கணமே பின்னால் நிற்கிற வண்டிக்காரன் ஹாரனில் கையை வைத்துவிடுவான். டைம் கீப்பர் வண்டித் தகரத்தைத் தட்டுவார். முதலாளி போனில் கத்துவார். அதற்கு நடுவே டிரைவர் கண்ணை மூடி மூச்சு விட்டுக்கொண்டிருந்தால் ஊர் என்ன சொல்லும்? அடுத்த முறை அது வந்தபோது நான் கண்ணாடியில் உன்னைத்தான் பார்த்தேன். நீ என் தோளைப் பார்த்தாய். விசில் உன் வாய்க்குப் பக்கத்தில் இருந்தது. ஊதவில்லை.

"இருங்க இருங்க, ஒரு அக்கா வராங்க!" என்று கத்தினாய்.

பயணிகள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நீயும் படியில் நின்று, தூரத்தில் யாரையோ பார்த்துக் கையை ஆட்டி, "வாங்கக்கா, மொள்ள வாங்க, ஓடாதீங்க" என்றாய். பஸ் ஸ்டாண்டில் ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது. ரைட் கொடுக்கிறவன் நீ. நீ கொடுக்காமல் நான் எடுக்க முடியாது. ஆகவே நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். தோள் இறங்கியதைப் பார்த்துவிட்டு, "சரி, அந்தக்கா அடுத்த வண்டில வருதாம்" என்று இரண்டு விசில் கொடுத்தாய்.

அதற்குப் பிறகு அந்த அக்கா நம் வண்டியின் நிரந்தரப் பயணி ஆகிவிட்டார். சில நாள் அவர் வராமலே வண்டி கிளம்பும். சில நாள் ரொம்பத் தாமதம் பண்ணுவார். பேரளியில் இறங்குகிற டீச்சர், எப்போதும் எனக்குப் பின்னால் முதல் சீட்டில் உட்காருகிறவர், ஒருநாள் பொறுக்க மாட்டாமல் உன்னைப் பிடித்துக்கொண்டார். "எங்கங்க அந்த அக்கா? தெனமும் வராங்க வராங்கன்னா, ஒரு நாளாவது ஏறணும்ல? நான் லேட்டா போனா ஸ்கூல்ல எச்.எம்முக்கு நீங்களா பதில் சொல்லுவீங்க?" என்றார். நீ அசட்டுச் சிரிப்பு சிரித்தாய். ஆச்சரியம், அடுத்த சில நாளில் அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். மற்றவர்களும் சத்தம் போடுவதில்லை. பழகிவிட்டார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

என் வீட்டில்தான் வினை வந்தது. எனக்கு வாரலீவு. வேறு டிரைவரோடு நீ ட்ரிப்பில் இருந்தாய். முந்தின நாள் எனக்கு ரொம்ப மோசமாக இருந்ததால், எப்படி இருக்கிறேன் என்று கேட்கப் போன் செய்திருக்கிறாய். நான் குளிக்கிறேன். என் மனைவி எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். நீ யார் என்னவென்று பார்க்காமல், "மச்சான், நேத்து அக்கா வர ரொம்ப நேரமாச்சே, இன்னக்கி வந்துச்சா?" என்று கேட்டாய்.

குளியலறைக் கதவை அவள் தட்டிய தட்டில் தாழ்ப்பாள் கழன்றது, பாய். "யாருய்யா அந்த அக்கா? வூட்டுக்கே வர்ற அளவுக்கு ஆயிப்போச்சா?" ஈரத்தலையோடு நின்று, வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். டிப்பரிலிருந்து டாக்டர் வரைக்கும். அவள் முதலில் நம்பவில்லை. பிறகு என் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தாள். "இத்தன நாளு என்கிட்ட சொல்லல, அந்த பாய்கிட்ட மட்டும் சொன்னீங்க" என்று அழுதாள். அதிலிருந்து நான் அவளிடம் கோபத்தில் வாயைத் திறந்தால், "மொதல்ல அக்கா வரட்டும், அப்பறம் பேசுங்க" என்று அடுப்பங்கரையிலிருந்தே சொல்வாள். வந்த கோபத்தில் பாதி அந்த இடத்திலேயே போய்விடும்.

சரி, சிரித்தது போதும். ஆஸ்பத்திரியைப் பற்றியும் எழுத வேண்டும்.

உனக்கு நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது என்றார்கள். திருச்சிக்குக் கொண்டுபோனார்கள். மத்தியானம் நான் வந்தபோது மாஸ்க் போட்டிருந்தார்கள். உன் தோள் காதுக்கிட்ட இருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துக் குழி உள்ளே போனது. நான் என்ன பண்ணினேன்? எனக்குத் தெரிந்தது ஒன்றுதானே. உன் கையைப் பிடித்துக்கொண்டு, "பாய், மெதுவா வுடு பாய். ஏர் எறங்கட்டும். நீளமா வுடு" என்றேன்.

நீ மாஸ்கை விலக்கினாய். சிரித்தாய் என்றுதான் நினைக்கிறேன்.

"மச்சான், இது பயமில்ல, நோவு. ரெண்டும் வேற. நோவுக்கு டாக்டர்தான். எல்லாத்துக்கும் அக்காவக் கூப்புடாத, பாவம்."

நர்ஸ் வந்து மாஸ்கைத் திரும்ப வைத்துவிட்டுத் திட்டினார். நீ பிழைக்க மாட்டாய் என்று எனக்கு அந்த நிமிஷம் தெரிந்துவிட்டது. நெஞ்சு திடும் திடும் என்று அடித்தது, விரல் மரத்தது. படுத்துக்கிடந்த நீ என் தோளைப் பார்த்தாய். பேச முடியாமல் விரலை மட்டும் கீழே, கீழே என்று ஆட்டினாய். இறக்கு என்கிறாய். நான் மூச்சை இழுத்து, உஸ்ஸென்று நீளமாக விட்டேன். மறுபடி விட்டேன். நீ கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்தாய். நான் நிறுத்தினால் கண்ணைத் திறந்தாய். மறுபடி விட்டால் மூடிக்கொண்டாய். அப்படியே தூங்கிப்போனாய். உனக்கு அது உதவியதா என்று எனக்குத் தெரியாது. உன் மூச்சு அப்படியேதான் இருந்தது. முகம் மட்டும் கொஞ்சம் தணிந்திருந்தது. அதைத்தான் நான் கடைசியாகப் பார்த்தேன்.

உன் ஊரில் உன்னை அடக்கம் பண்ணினோம். உன் அண்ணன் பிளேனில் வந்து சேர்ந்தார். மூன்று பிடி மண் நானும் போட்டேன். உன் மனைவி என்னைப் பார்த்து, "அண்ணே, வண்டிய பாத்து ஓட்டுங்கண்ணே" என்றது.

மறுநாள் முதலாளி லீவு எடுத்துக்கொள்ளச் சொன்னார். வீட்டில் உட்கார்ந்து என்ன பண்ணுவது என்று நான்தான் வந்தேன். ஸ்டார்ட் பண்ணினேன். ஏர் ஏறியது. முள் மேலே வந்தது. கண்ணாடியில் பின்படியைப் பார்த்தேன். பளிச்சென்று காக்கி போட்டுக்கொண்டு புதுத் தம்பி நிற்கிறான். நீ பிஸ்மி சொல்லிவிட்டு ஊதுகிற முதல் விசிலை அவன் சும்மா ஊதினான்.

வந்துவிட்டது, பாய். அத்தனை நாளுக்கும் சேர்த்து வந்தது. கை ஸ்டியரிங்கில் இருக்கிறதா என்றே தெரியவில்லை. தம்பி மறுபடி இரண்டு விசில் கொடுத்தான். பின்னால் ஹாரன். டைம் கீப்பர் தகரத்தைத் தட்டினார். "அண்ணே, ரைட் குடுத்துட்டேன்ணே" என்று தம்பி முன்னால் ஓடி வந்தான். நான் இறங்கிவிடலாம் என்று நினைத்தேன். சாவியை அவன் கையில் கொடுத்துவிட்டு இறங்கிப் போனால் முடிந்தது, இனி இந்தச் சீட்டில் ஏற வேண்டியதில்லை. வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"இரு தம்பி. ஒரு அக்கா வராங்க."

அவன் நல்ல பிள்ளை. போய்ப் படியில் தொங்கிப் பார்த்தான். "யாரும் வரலியேண்ணே" என்றான்.

"வருவாங்க தம்பி, கொஞ்சம் இருங்க." எனக்குப் பின்னாலிருந்து டீச்சர் குரல். அதற்கும் பின்னாலிருந்து பூக்காரம்மா, "அந்தக்கா வராம இந்த வண்டி எடுக்காதுப்பா. நீ புதுசு, ஒனக்குத் தெரியாது" என்றது.

நான் திரும்பிப் பார்த்தேன். வழக்கமாக வருகிற அத்தனை பேரும் என்னைப் பார்க்காத மாதிரி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர் மட்டும் குனிந்து மெதுவாகச் சொன்னார். "பாய் எங்ககிட்ட அப்பவே சொல்லிட்டாருங்க. 'டிரைவருக்கு மூச்சு வரணும். உங்க உசுரு அவரு கையில இருக்கு, அதனால உங்ககிட்ட மறைக்க மாட்டேன். ஆனா உங்களுக்குத் தெரியும்னு தெரிஞ்சா அவரு ஒடஞ்சு போயிருவாரு. தெரியாத மாதிரி இருங்க'ன்னாரு. நாங்களும் அப்புடியே இருந்துட்டோம்."

இத்தனை நாள் என் மானத்தை நான் மறைத்துவைத்துக் காப்பாற்றினேன் என்று நினைத்தேன். ஒரு பஸ் நிறைய ஜனம் சேர்ந்து காப்பாற்றியிருக்கிறது. உன் மேல் கோபம் வந்தது. உண்மையாகத்தான் சொல்கிறேன், கொஞ்சம் வந்தது. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று உன்னைப் பிடித்து உலுக்க நீ இல்லையே என்று அழுகை வந்தது. அழுகையோடு மூச்சும் வெளியே வந்தது, நீளமாக. பிறகு நானே விட்டேன். ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். விரலுக்கு ஸ்டியரிங் தெரிந்தது.

"ஏறிட்டாங்க தம்பி" என்றேன்.

அவன் ஒன்றும் புரியாமல் இரண்டு விசில் கொடுத்தான். ஹேண்ட் பிரேக்கை விட்டேன், உஸ்ஸென்றது. வண்டி பேரளி ரோட்டில் ஏறியது.

அந்தத் தம்பிக்கு இன்னும் விஷயம் தெரியாது, பாய். நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டும், சொல்வேன். ஆனால் அவனாகவே ஒரு வழக்கம் பிடித்துக்கொண்டான். தினமும் முதல் ட்ரிப்பில் விசிலை வாயில் வைப்பதற்கு முன் படியில் தொங்கி ஸ்டாண்டு முழுக்க ஒரு தடவை பார்க்கிறான். அந்த அக்கா யாரோ, என்ன கஷ்டமோ, பாவம் தவறவிட்டுவிடக் கூடாது என்று அவனுக்கு எண்ணம். அவன் தேடி முடிக்கிறதற்குள் எனக்கு ஏர் இறங்கிவிடுகிறது.

இன்று காலை அந்தச் செருப்பு அறுந்த அம்மாளை ஏற்றி, சீட்டுப் பிடித்து உட்காரவைத்து, டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டு அவன் நேரே என்னிடம் வந்தான். முகமெல்லாம் பூரிப்பு. காதோரம் குனிந்து, ரகசியமாகச் சொன்னான்.

"அண்ணே, கடைசில வந்துட்டாங்கண்ணே."

"ஆமா தம்பி, வந்துட்டாங்க" என்றேன். "ரைட்."